பேச்சு கேட்கிறதா என்கிறார்கள், பாட்டு கேட்கிறதா என்பதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முதுமையில் இசை கேட்பது உடம்புக்கு நல்லது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரஷர் இறங்கும், தூக்கம் வரும், மனம் லேசாகும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுகர், பிரஷர், பலவீனமான இதயம், மந்தமான காது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கும் என்னைப் போன்றவர்களுக்கு விஷயம் தலைகீழாக இருக்கிறது. பாட்டு எங்கள் நோயை எவ்வளவு குறைக்கிறது என்பதைவிட, நோயும் வைத்தியமும் எங்கள் பாட்டை எவ்வளவு குறைக்கின்றன என்பதுதான் எங்கள் கவலை. அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

காதையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதால் வரும் மந்தத்தில் முதலில் தேய்வது உயர் அதிர்வெண்கள். பேச்சில் ச, த போன்ற எழுத்துகள் மழுங்கும், அவ்வளவுதான் என்பார்கள். பாட்டில் போவது வேறு. தம்புராவில் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரம் போய்விடும். மிருதங்கத்தில் தடித்த ஒலி தரும் இடப்பக்கத் தொப்பி நன்றாகக் கேட்கும், வலப்பக்கமான வலந்தலையின் கணீர் மங்கிவிடும். வயலினில் வில் தந்தியைத் தொடும் அந்த முதல் உரசல் இருக்காது. ராகம் தெரிகிறது, தாளம் தெரிகிறது, வாசிப்பவர் யாரென்று சொல்ல முடியவில்லை என்ற கட்டம் வந்தபோதுதான் நான் பரிசோதனைக்கே போனேன்.

காதுக்கருவி பொருத்தியவர் நல்லவர், பொறுமைசாலி. குடும்பத்தோடு பேசும்போது புரிகிறதா, போனில் புரிகிறதா, கூட்டத்தில் புரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டுக் கேட்பீர்களா என்ற ஒரு கேள்வி மட்டும் அவர் படிவத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு புல்லாங்குழல் ஒலிப்பதிவைப் போட்டேன். மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ-வில், குழல் நின்றதும் ஸ்வரம் நடுங்க ஆரம்பித்தது. ஷட்ஜத்துக்குக் கமகம், அதாவது அசைவு, கிடையாது என்று கற்றுக்குட்டிக்கும் தெரியும். கருவிக்குத் தெரியவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. காதுக்கருவிக்குள்ளிருந்தே சில சமயம் விசில் சத்தம் கிளம்பும். அதை அடக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அசையாமல் நீண்டு நிற்கும் ஒரு சுருதியைக் கேட்டால் அது விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். குழலும் வயலினும் அதில் மாட்டிக்கொள்கின்றன. இன்னொன்று, இந்தக் கருவி பேச்சுக்காகச் செய்தது. சாதாரணப் பேச்சு 60, 65 டெசிபல் இருக்கும். இசை உச்சத்தில் 100-ஐத் தொட்டுவிடும். மெல்லிய ஒலியைத் தூக்கி, பலத்த ஒலியை அமுக்குவது பேச்சுக்கு வசதி. பாட்டிலோ, பாடகர் கீழே இறங்கி முணுமுணுக்கும் இடமும் குரலை வீசி நிறுத்தும் இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து விழும். சங்கீதத்தில் பாதி அந்த ஏற்ற இறக்கம்தானே!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெரும்பாலான கருவிகளில் இசைக்கென்று தனி ‘மியூசிக் புரோகிராம்’ வைக்க முடியும். அதில் விசில் அடக்குவதையும் இரைச்சல் குறைப்பதையும் தணித்துவிடுவார்கள், ஒலியை அமுக்குவதும் குறைவாக இருக்கும். நாம் கேட்டால்தான் செய்கிறார்கள், அதுதான் என் குறை. திரும்பிப் போய்க் கேட்டதும் சில நிமிடங்களில் கணினியில் மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது குழல் நின்ற இடத்தில் நிற்கிறது. வீட்டில் கேட்பவர்களுக்கு இன்னொரு யோசனை: ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கருவியின் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். கருவிக்குள் நுழையும்போதே ஒலி உடைவது அதனால் குறையும். இழந்ததெல்லாம் திரும்பி வராது. தம்புராவின் ரீங்காரம் இன்னும் எனக்குப் பாதிதான்.

சுகருக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு என்பதையும் எத்தனை பேர் சொல்கிறார்கள்? சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் காது மந்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2008-லேயே சொல்லிவிட்டது. கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள், பாதத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், காதைப் பார்க்கச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் நீர் மாத்திரை, சிறுநீரை அதிகம் போக வைப்பது. இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே புரியும். ஃபுரோஸமைடு என்ற நீர் மாத்திரை, விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஆறு மணி நேரம் வரை விடாது. மத்தியானம் போட்டுக்கொண்டு மாலைக் கச்சேரிக்குப் போனால் கச்சேரியின் பெரிய உருப்படியான ராகம் தானம் பல்லவியில், நடுப்பகுதியான தானத்தோடு எழுந்து ஓட வேண்டியதுதான். நானாக நேரத்தை மாற்றவில்லை, மாத்திரையை விடவும் இல்லை. கச்சேரிக்குப் போகிறவன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கச்சேரி நாட்களில் அந்த வேளையைக் காலைக்கு நகர்த்திக் கொடுத்தார். இப்படி ஒரு வாக்கியம் நோயாளி சொல்லலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. இதே மாத்திரை வகை அதிக அளவில், அதுவும் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு, காதையும் பாதிக்கக்கூடும். காதில் புதிதாக இரைச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அரங்கத்தில் இன்னொரு ஆபத்து, ரசனையோடு கலந்து வருவது. நல்ல ஆலாபனையில் உள்ளங்கை வியர்க்கும், உடம்பு சிலிர்க்கும். சுகர் இறங்கினாலும் அதே வியர்வை, அதே நடுக்கம். பிரஷருக்கும் இதயத்துக்கும் பீட்டா பிளாக்கர் என்ற, துடிப்பைத் தணிக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, சுகர் இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வையை மட்டும் அந்த மருந்து மறைப்பதில்லை. ஆகவே வியர்த்தால் பாடகரைப் பாராட்டுவதற்கு முன் சட்டைப்பையில் உள்ள குளுக்கோஸ் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். ஓரத்து இருக்கை கேட்டு வாங்குவதும் இதற்காகத்தான். பக்கத்தில் இருப்பவர்கள் சிடுசிடுப்பார்கள், இருக்கட்டும்.

இசை பிரஷரைக் குறைக்கும் என்று கட்டுரையில் வந்ததற்கு ஒரு சுவையான பின்குறிப்பு உண்டு. இத்தாலியின் பவியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நம் ராக இசை உட்படப் பல வகை இசையைப் போட்டுப் பார்த்தார்கள். வேகமான இசையில் துடிப்பும் பிரஷரும் ஏறின. அவை நன்றாக இறங்கியது, நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தி வைத்த மௌனத்தில்தான்! மருந்தாக மட்டும் பார்த்தால் பாட்டை நிறுத்துவதுதான் வைத்தியம் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த விஷயங்களை ஓர் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேட்டு எழுதி வாங்கி வெளியிடுங்கள். கருவியைக் கழற்றாமல் அதன் மேல் ஹெட்போன் போடலாமா, காதை அடைக்காத சிறு முனை வைத்த கருவிகளில் கீழ் ஸ்தாயி வெளியே கசிந்துவிடுவதற்கு என்ன செய்யலாம், ஒரு காது மட்டும் கெட்டவர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டிய கேள்விகள். அடுத்த இதழிலேயே வேண்டும் என்றில்லை. ஆனால் சீக்கிரம் வந்தால் உபகாரம். என் கருவியை இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் காலம் முடியப் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு ரசிகர்