தள்ளுபடி ஆனாலும் வழி இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்து இழப்பீடு கொடுக்காததால் அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அதைப் படிப்பவர்களுக்கு, வழக்குப் போட்டாலே பணம் வந்துவிடும் என்றுதான் தோன்றும். மனு தள்ளுபடியாகி வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் நான் அவர்களையும் பார்க்கிறேன்.

எங்களிடம் வந்த ஓர் அம்மா இறங்கிக்கொண்டிருக்கும்போதே பேருந்தை எடுத்துவிட்டார்கள். பின்படிக்கட்டிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் 'பேருந்திலிருந்து கீழே விழுந்ததாக' என்று மட்டும் இருந்தது. வலியில் துடித்தவரைக் கூட்டிவந்த யாரோ சொன்னதை, டூட்டி டாக்டர் அவசரத்தில் எழுதிக்கொண்டது அது. டிக்கெட்டும் தொலைந்துபோயிருந்தது. ஓடும் பேருந்திலிருந்து அவராகவே இறங்கினார் என்று நடத்துநர் சாட்சி சொல்ல, கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிவிட்டது. ஆட்கள் இறங்கி முடித்தார்களா என்று பார்த்துவிட்டு விசில் கொடுப்பது நடத்துநர் வேலை. அந்த விசிலை எப்போது கொடுத்தார் என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவே இல்லை. மேல்முறையீட்டுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆனால் அந்தக் குடும்பம், சரி, நம் விதி அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. கெடு தாண்டிவிட்டாலும் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். மேல்முறையீடு செய்ய முதலில் பணம் கட்ட வேண்டும் என்று பயந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. அந்த டெபாசிட் இழப்பீடு கொடுக்க வேண்டிய தரப்புக்குத்தான், பாதிக்கப்பட்டவருக்கு இல்லை.

இன்னொன்றும் முக்கியம். கொலை வழக்கைப் போல இதில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். ஹிமாச்சல் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான வழக்கில் 2009லும், ராஜஸ்தான் கழகத்துக்கு எதிரான வழக்கில் 2019லும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி, உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருந்த இழப்பீட்டைத் திரும்பக் கொடுத்தது. 1980இலேயே, தமிழ்நாட்டுப் பேருந்து விபத்து ஒன்றில், ஏதோ ஒரு சின்னச் சந்தேகத்தை வைத்து ஓட்டுநரும் உரிமையாளரும் தப்பிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியிருக்கிறார். இவ்வளவு இருந்தும் கீழே தீர்ப்பாயங்களில் இன்னும் டிக்கெட் எங்கே, நேரில் பார்த்த சாட்சி எங்கே என்பதிலேயே வழக்குகள் முடிந்துபோவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உயர் நீதிமன்றம் ஒன்று செய்யலாம். தள்ளுபடி உத்தரவின் கடைசியில், எங்கே, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று தமிழில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதையும் அங்கேயே எழுதிவிடலாம். தள்ளுபடியான ஒவ்வொரு மனுதாரரையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கூப்பிட்டுப் பேச வேண்டும், 90 நாள் கெடு முடிவதற்குள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா