குடமுழுக்கைக் கறுப்பு வெள்ளையிலும் பதிவு செய்யுங்கள்: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர்கள், செயலாளர்கள், திருப்பணிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் ஆலயங்களில் நடைபெறும் குடமுழுக்கை, வழக்கமான வண்ணப் படங்களோடும் காணொளியோடும் நிறுத்திக்கொள்ளாமல், கறுப்பு வெள்ளை ஃபிலிமிலும் முறையாகப் பதிவு செய்வதற்கு ஒருவரை அனுமதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். குடமுழுக்கு நாளுக்கு மட்டும் கிடைக்கும் அனுமதி போதாது. திருப்பணிக்காக மூர்த்தங்களின் சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்த நாள் தொடங்கி, குடமுழுக்குக்குப் பின் தொடர்ந்து நடக்கும் மண்டலாபிஷேகம் நிறைவுறும் வரை அது நீடிக்க வேண்டும்.

பினாங்கில் படமெடுப்போர் என்றதும் எல்லாருக்கும் தைப்பூசம்தான் நினைவுக்கு வரும். 1894-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து வந்த நாட்டுக்கோட்டை செட்டியார்களின் வெள்ளி இரதம் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும்போது, உடைந்த தேங்காய்களுக்கு நடுவே எத்தனை கேமராக்கள் நிற்கின்றன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த ஆண்டு தவறவிட்டவர் அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். குடமுழுக்கில் அந்த வசதி இல்லை. கடம் புறப்பட்டு, சிவாச்சாரியார்கள் சாரத்தில் ஏறி, கலசத்தின்மேல் புனித நீர் விழுவதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதே கோபுரத்தில் அதே காட்சியை மறுபடி எடுக்க நினைப்பவர் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் சிவாச்சாரியார் மாறியிருப்பார், நிர்வாகமும் மாறியிருக்கும், ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைவீடுகள்கூட மாறியிருக்கலாம்.

அந்த நொடிகளையாவது நூறு கைப்பேசிகள் எப்படியோ பிடித்துவிடுகின்றன. எவருமே எடுக்காமல் போவது அதற்கு முந்தைய மாதங்களைத்தான். தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் எனப்படும் கோவில் சிற்பிகள் வந்து, சாரம் கட்டி, பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்தபின், கோபுரம் சில வாரங்கள் மட்டும் நிறமே இல்லாமல் நிற்கிறது. துவாரபாலகரின் உடைந்த விரலுக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும். அதன்மேல் ஈரச் சிமெண்டை அப்பி, சிறு கரணையின் நுனியால் நகத்தையும் மோதிரத்தையும் கீறி எடுக்கும் கையின் வேகத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பழைய சுதை ஒரு சாம்பல், புதுச் சிமெண்டு வேறொரு சாம்பல் என்பதால், எந்த இடம் முன்னோர் செய்தது, எந்த இடம் இப்போது சேர்த்தது என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும். வண்ணம் பூசியதும் அந்த வேறுபாடு அடியில் மறைந்துவிடும். அடுத்த திருப்பணியின்போது எந்தச் சிற்பம் எப்படி இருந்தது என்று கேட்கப்போகும் ஸ்தபதிக்கு, பூசாத கோபுரத்தின் தெளிவான கறுப்பு வெள்ளைப் படங்களைவிடப் பயனுள்ள ஆவணம் இருக்க முடியாது. லென்ஸின் முன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகட்டி (ஃபில்டர்) போட்டு எடுத்தால் வானம் கறுத்து, வெளிறிய சிற்பங்கள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்.

எண்ணெய்க் காப்பு நாளும் அப்படிப்பட்டதே. பக்தர்கள் தம் கையாலேயே மூர்த்தங்களுக்கு எண்ணெய் சாத்தும் வாய்ப்பு அன்றுதான் கிடைக்கிறது. கருவறைக்குள் கேமரா போகக் கூடாது என்ற விதியை நான் கேள்வி கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். வெளியே வரிசையில் நிற்பவர்களின் முகங்களும், திரும்பி வரும்போது எண்ணெய் வடியும் கைகளும் போதும்.

வண்ணத்தில் எடுத்தால் என்னவென்று கேட்பீர்கள். வண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூசி முடித்த கோபுரத்தை வண்ணத்தில் எடுக்காவிட்டால் அது பாதிப் பதிவுதான். ஆனால் யாகசாலைக்கு நாம் போடும் நீலக் கூடாரத்தின்கீழ் அக்கினியைத் தவிர அனைத்தும் நீலமாகிவிடுகின்றன. மாலையில் பச்சையும் ஊதாவுமாகச் சீரியல் விளக்குகள் எரியத் தொடங்கினால் சிவாச்சாரியாரின் முகம் எந்த நிறத்தில் விழும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. புகை, திருநீறு, வியர்வை, தீ ஆகிய எல்லாமே ஒளியின் அளவாக மட்டும் நின்று பேசும். இதற்கும் பயிற்சி வேண்டும் என்பது வேறு விஷயம்: சிவப்புப் பட்டும் மாவிலைத் தோரணமும் ஃபிலிமில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும், மஞ்சள்பச்சை வடிகட்டி போட்டால்தான் பட்டு கறுத்து இலை வெளுத்துப் பிரியும். கைப்பேசியில் எடுத்த வண்ணப் படத்தை ஒரு தட்டுத் தட்டி நிறம் நீக்குவதை நான் கேட்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஃபிலிம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் பழைமை மோகமன்று. எண்பதுகளில் அச்சிட்ட வண்ணப் படங்களை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் நீலம் வெளுத்துச் செம்மை ஏறிக் கிடக்கிறது. சரியாக நிலைப்படுத்திக் கழுவிய வெள்ளியுப்புப் படங்களோ நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. முந்தைய குடமுழுக்கின் படங்களைக் கேட்டு நான் ஓர் ஆலயத்தை அணுகியபோது, அவை இருந்த ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை என்றும், வாட்ஸ்ஆப்பில் வந்தவை மட்டும் ஒருவரிடம் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். நெகட்டிவ் இருந்திருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே தெரிந்திருக்கும்.

இன்னொரு தயக்கத்தையும் அறிவேன். மங்கல நிகழ்வைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை நினைவூட்டுகிறது என்று ஒரு பெரியவர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். அவர் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆயினும், ஆலய அலுவலகச் சுவர்களில் நாம் பொட்டிட்டு மாலையிட்டு வைத்திருக்கும் முன்னோர் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான். 1833-இல் எழுந்த குயின் வீதி மகாமாரியம்மன் ஆலயத்தைப் போன்ற பழம்பெரும் கோவில்களின் பழைய தோற்றத்தை நாம் தேடினாலும் அந்தப் படங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அவற்றை அமங்கலம் என்று எவரும் கழற்றி வைத்ததில்லை.

செலவு பெரிதன்று; பூ அலங்காரத்துக்கும் பதாகைகளுக்கும் ஆவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. படமெடுப்பவருக்கு நீங்கள் விதிக்க வேண்டிய கட்டுப்பாடுகளையும் நானே சொல்லிவிடுகிறேன். அவர் வேட்டியுடுத்தி வெறுங்காலோடு வர வேண்டும்; ஃபிளாஷ் பயன்படுத்தக் கூடாது; சிவாச்சாரியார்களுக்குக் குறுக்கே போகக் கூடாது. 400 வேக (ஒளியுணர்திறன், ஐஎஸ்ஓ) ஃபிலிமை 1600 போல எடுத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் கழுவினால் விளக்கொளியே போதும் என்பதால் ஃபிளாஷுக்குத் தேவையும் இராது. பதிலுக்கு நிர்வாகம் ஒன்று செய்ய வேண்டும்: குடமுழுக்கு நேரத்தில் சாரத்தின்மேல் கைப்பேசியோடு ஏறும் கூட்டத்தைக் குறைக்க வேண்டும். படத்துக்காக மட்டுமன்று, சாரம் தாங்குவதற்காகவும்.

கடைசியாக, எடுத்ததைக் காப்பது. ஃபிலிமைக் கழுவும் மருந்துகளுக்கு 20 பாகை வெப்பம் உகந்தது. நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு என்பதால் ஐஸ் கட்டி போட்டுத்தான் வேலை செய்கிறோம். அதைவிடப் பெரிய எதிரி பினாங்கின் ஈரக்காற்று. காற்றுப்புகாப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்காவிட்டால் சில ஆண்டுகளில் பூஞ்சை பிடிக்கும். கற்பூரமும் சாம்பிராணியும் வைத்திருக்கும் அறையிலோ மடைப்பள்ளியை ஒட்டிய அலமாரியிலோ நெகட்டிவ்களை வைக்காதீர்கள். ஒவ்வொரு சுருளோடும் நாள், இடம், ஸ்தபதி முதல் எடுபிடி வரை படத்திலுள்ளோரின் பெயர்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு தொகுதிப் பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க முன்வந்தால் இன்னும் நல்லது.

திருப்பணிக்கு நாள் குறித்திருக்கும் ஆலயங்கள், சாரம் கட்டுவதற்கு முன் நடக்கும் குழுக் கூட்டத்திலேயே இதை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன். சாரம் ஏறியபின் அழைத்தால், சுரண்டுவதற்கு முந்தைய கோபுரத்தை எடுக்க முடியாது.

பணிவன்புடன்,
ஜோர்ஜ்டவுனிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர்