தூ ஃபூ வீட்டுக்குப் போவதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

ஆபீஸில் எல்லோருமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பழைய சீனக் கவிஞர் தூ ஃபூவின் கூரை வீட்டுக்குப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உனக்கு செங்டுவில் வேலை என்றதுமே எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஏதோ பூங்கா என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடாதே.

இப்போது அங்கே நிற்பது பிற்காலத்தில் கட்டியது. ஆனால் 760இல் அந்த ஓடைக்கரையில்தான் அவர் குடிசை போட்டுக் குடியேறினார். அதற்கு முன்னால் பட்ட பாடு கொஞ்சமில்லை. 755இல் ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம் வெடித்தது. மறு வருடம் தலைநகர் சாங்கான் விழுந்தது. குடும்பத்தை வடக்கே விட்டுவிட்டுக் கிளம்பியவர் கலகக்காரர்களிடம் பிடிபட்டு, அந்த நகரத்துக்குள்ளேயே முடங்கினார்.

757 வசந்தத்தில் அங்கிருந்து எழுதிய ஒரு கவிதை இருக்கிறது. எட்டு அடி, அடிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் நாற்பதே எழுத்து. இரட்டைப்படை அடிகள் ஒரே இயைபில் முடிய வேண்டும். நடுவில் உள்ள நான்கு அடிகள் ஜோடி ஜோடியாக, பெயருக்கு நேராகப் பெயர், வினைக்கு நேராக வினை என்று நிற்க வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டில் மனசு எப்படிப் பேசும் என்று உனக்குத் தோன்றலாம். அவருக்கு அந்தக் கட்டுப்பாடுதான் பேச இடம் கொடுத்தது. ஒரு ஜோடியை மட்டும் பார்: போர் அபாயத்தைச் சொல்லும் தீ மூன்று மாதமாக எரிகிறது, வீட்டுக் கடிதம் ஒன்று பத்தாயிரம் பொன் பெறும். தீக்கு நேராகக் கடிதம், மூன்றுக்கு நேராகப் பத்தாயிரம். ஏன் கடிதம் வரவில்லை என்பதை அவர் தனியாகச் சொல்லவேயில்லை. இரண்டு அடிகளையும் எதிரெதிரே வைத்ததிலேயே அது வந்துவிட்டது.

நிலவைப் பற்றி இன்னொரு கவிதை, அதற்கும் முந்தைய இலையுதிர் காலத்தில் எழுதியது. பிரிவும் நிலவும் சீனக் கவிதையில் சேர்ந்தே வருபவை. அவர் காலத்துக் கவிஞர் லி பாய், நிலவைப் பார்த்து ஊரை நினைத்து எழுதிய இருபது எழுத்துக் கவிதையை அங்கே சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். தூ ஃபூ தான் நிலவைப் பார்ப்பதாக எழுதவில்லை. தூரத்தில் மனைவி தனியே பார்க்கிறாள், பனியில் கூந்தல் நனைகிறது, கைகள் குளிர்கின்றன, அப்பாவை நினைத்து ஏங்கக்கூடத் தெரியாத வயதில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். நீ விமானம் ஏறிய பிறகு இதை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன்.

அப்புறம், 761இல் செங்டுவில் காற்று அவர் கூரையைப் பிய்த்துப் போட்ட கதை. ஊர்ப் பையன்கள் வைக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரும்பாய்க் குளிரும் பழைய போர்வையைத் தூக்கத்தில் பிள்ளை உதைத்துக் கிழிக்கிறான். இதற்கு எட்டு அடி போதவில்லை. பழைய தளர்ந்த நடைக்குப் போய்விட்டார். கடைசியில் அடிகள் நீண்டுகொண்டே போகின்றன. ஏழைகள் எல்லோரையும் மழையிலிருந்து காக்க ஆயிரமாயிரம் அறைகள் கொண்ட வீடு வேண்டும், அது எழுந்தால் என் குடிசை இடிந்து நான் குளிரில் செத்தாலும் சரி என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தவர் இந்த தூ ஃபூதான்.

ஒரு உதவி செய். அந்த நாற்பது எழுத்துக் கவிதையை யாரையாவது வாசிக்கச் சொல்லி, பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. தெற்கே குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் உன் ஆபீஸில் இருந்தால் அவர்களிடம் கேட்பது நல்லது. சொல்லின் கடைசியில் க், ட், ப் என்று வெட்டி நிற்கும் பழைய ஒலி அவர்கள் கான்டனீஸில் இன்னும் இருக்கிறது, மாண்டரினில் போய்விட்டது. மெதுவாக, இரண்டு தடவை வாசிக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா