மவுத் ஆர்கன் வாங்கிவிட்டேன்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி பிறந்த சேதியைப் படித்ததும் வீட்டில் பாயசம். சர்க்கரைக்காரனுக்கு அரை டம்ளர்தான் கிடைத்தது.

இன்னொரு சேதி, சிரிக்காதே. மவுத் ஆர்கன் வாங்கிவிட்டேன். பத்துத் துளை, சி சுருதி. இந்த வயதில் ஆசையைக் கிளப்பியவர் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பாடகர் மிக் ஜாகர். அந்தக் குழு 2016இல் வெளியிட்ட 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். லண்டனில் மூன்றே நாளில் பதிவு செய்தது. பன்னிரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய ப்ளூஸ் பாட்டுகள். நான்கு லிட்டில் வால்டர் பாடியவை. பதிவின்போது ஜாகருக்கு 72 வயது. ஒரு வரி பாடி முடிக்கிறார், அடுத்த வரிக்குள் மவுத் ஆர்கன் புகுந்து பதில் சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டுக்கும் ஒரே மூச்சுதானே!

லிட்டில் வால்டரை உனக்குத் தெரியும். மலிவு மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபயர் வழியே ஊதியவர். உள்ளங்கை அகலப் பெட்டி சாக்ஸபோன்போல முழங்கியது. 1952இல் அவருடைய 'ஜூக்', கறுப்பின மக்களின் இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். 1968இல் ஆளே போய்விட்டார், 37 வயதில்.

அவருக்குப் பக்கத்தில் ஜாகரை வைக்க முடியுமா என்பாய். முடியாது. ஆனால் அறுபதுகளில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு சிகாகோ ப்ளூஸ் கிளப்புகளுக்கு யார் வழி சொன்னது? 1965இல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்கு அழைத்தபோது, ப்ளூஸ் பாடகர் ஹௌலின் உல்ஃபும் பாட வேண்டும் என்று ஸ்டோன்ஸ் கேட்டார்கள். அவரும் மவுத் ஆர்கன்காரர்தான். அந்த மாமலை பாட, இவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு ஜாகரிடம் பிடித்தது அந்த உட்கார்தல்தான்.

என் கதை வேறு. ப்ளூஸில் ஜி சுருதிப் பாட்டென்றால் சி மவுத் ஆர்கனை எடுக்க வேண்டுமாம். ஊதுவதைவிட உள்ளே இழுப்பதுதான் அதிகம். இரண்டாம் துளையில் இழுத்து, நாக்கை உள்ளே தாழ்த்தினால் சுரம் கமகம்போலக் கீழே சறுக்கும். எனக்கு விசில் வராத குக்கர் சத்தம்தான் வருகிறது. வீட்டுக்காரி மொட்டைமாடிக்குத் துரத்திவிட்டாள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பரணில் கிடக்கும் உன் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டு எடுத்து வா.

உன்,
மணி