அவருக்குப் பெயர் கத்தரீனா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வானியலாளர் கெப்ளரைப் பற்றிய கட்டுரையை ஆசையோடுதான் பிரித்தேன். 31 வருடம் கோள்களின் இயக்கம் பற்றிய அவருடைய மூன்று விதிகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஆனால், 'வாயாடியான தாய் சூனிய வழக்கில் மாட்டிக்கொண்டு மகனைப் பாடாய்ப் படுத்தினார்' என்ற வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

அந்தத் தாய் கத்தரீனாவின் கணவர் ஹைன்ரிக் 1589இல் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. பிள்ளைகளோடு தனியாக நின்ற பெண்ணுக்கு வாயும் இல்லையென்றால் எப்படி? என் அம்மாவையும் ஊர் வாயாடி என்றுதான் சொன்னது. அப்பா போன பிறகு பங்காளிகள் வாசலில் வந்து நின்றபோது அம்மா பேசாமல் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த வீடு மிஞ்சியிருக்காது.

வழக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியாததா? ஜெர்மனியின் லியோன்பெர்க் ஊரில் கண்ணாடி வேலைக்காரர் ஒருவரின் மனைவி, இவர் கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் தன் உடம்பு கெட்டது என்று 1615இல் கிளப்பிவிட்டார். 1620 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாக, கத்தரீனாவை அவருடைய மகள் வீட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுபதைத் தாண்டிய கிழவிக்கு 14 மாதச் சிறை, சங்கிலி. கண்ணீர் விடவில்லை என்பதையும் குற்றமாக எழுதிக்கொண்டார்கள். அழுது அழுது கண்ணீரே தீர்ந்துவிட்டது என்றாராம். 1621 செப்டம்பரில் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியபோதும், செய்யாததைச் செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த மாதம் விட்டார்கள். 1622 ஏப்ரலில் இறந்துபோனார்.

கெப்ளரே இளவயதில் அம்மாவைச் சண்டைக்காரி என்று எழுதிவைத்தாரே என்பீர்கள். எழுதினார்தான். அந்த மகன்தான் பிறகு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலிருந்து வந்து அம்மாவுக்காக வாதாடினார். ஆறு வயதில் தன்னை மேட்டுக்குக் கூட்டிப்போய் 1577ஆம் ஆண்டு வால்மீனைக் காட்டியது அம்மா என்பதையும் அவர் மறக்கவில்லை. உங்கள் கட்டுரையில் அந்த வால்மீனும் இல்லை.

முன்பு கரோலின் ஹெர்ஷலை 'வானியலாளரின் தங்கை' என்று மட்டும் போட்டீர்கள். எட்டு வால்மீன்களைக் கண்டவர் அவர். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. சரி, வேலைப் பளு என்று விட்டுவிட்டேன். இந்த முறை விட மனமில்லை.

இரண்டு பக்கக் கட்டுரையில் எங்கு பார்த்தாலும் 'கெப்ளரின் தாய்'தான். அடுத்த இதழில் திருத்தமாக ஒரு வரி போடுங்கள், அதில் கத்தரீனா கெப்ளர் என்று அவர் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தஞ்சாவூர்