தம்பிக்கு, விருந்துக்கு முன் ஊற்றுவது பற்றி

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை எட்டுப் பேர் விருந்துக்கு வருகிறார்கள், திக்குத் தெரியாமல் நிற்கிறேன், சாப்பாட்டுக்கு முன் என்ன கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். உன் பட்டியலில் முதலில் இருக்கும் க்ரீம் மதுவை நீக்கிவிடு. ஒருமுறை நானும் அதைத்தான் கொடுத்தேன். பாலாடையும் சர்க்கரையும் வயிற்றை அடைத்துவிட, அரை நாள் நின்று சமைத்ததை எல்லோரும் முட்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் எனக்காக இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். அவர் விழுங்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் பானத்துக்கு அபெரிடிஃப் என்று பெயர். 'திற' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். திறக்க வேண்டியது பசியை. கசப்பு நாக்கில் பட்டால் எச்சில் ஊறும். இந்தப் பானங்களில் பல கசப்பது அதனால்தான். 1846இல் பாரிஸில் பிறந்த டுபொன்னே, மலேரியா மருந்தான குவினைன் கலந்த ஒயின். மருந்தை விழுங்கவைக்கச் செய்த தந்திரம் பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. 1860இல் இத்தாலியில் வந்த காம்பாரியும் கசப்புக் கட்சிதான்.

உன் கூட்டத்துக்கு நான் ஸ்ப்ரிட்ஸைத்தான் சொல்வேன். பெரிய கோப்பை நிறைய ஐஸ். புரோசெக்கோ என்ற இத்தாலிய நுரை ஒயின் மூன்று பங்கு, அபெரோல் என்ற இளங்கசப்பான ஆரஞ்சு நிற மது இரண்டு, சோடா ஒன்று. அபெரோலில் ஆல்கஹால் 11 சதவீதம்தான் என்பதால் சூப் வருவதற்குள் யாரும் தள்ளாடமாட்டார்கள். நெக்ரோனி வேண்டாம். அதில் ஜின், காம்பாரி, மூலிகை சேர்த்த ஒயினான சிவப்பு வெர்மூத் மூன்றும் சமபங்கு. அருமையான பானம், ஆனால் வெறும் வயிற்றில் அடி பலமாக விழும்.

வெர்மூத் என்றதும் நினைவு வருகிறது. உன் அலமாரியில் போன வருடம் திறந்த பாட்டில் ஒன்று நிற்கிறதே, அதைக் கொட்டிவிடு. அதுவும் ஒயின்தான். திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

வேடிக்கை காட்ட ஆசையிருந்தால் பாஸ்டிஸ் என்ற சோம்பு மணக்கும் பிரெஞ்சு மதுவை வாங்கு. ஒரு பங்கு பாஸ்டிஸுக்கு ஐந்து பங்கு குளிர்ந்த நீர். தெளிந்த மஞ்சளாக இருப்பது, நீர் விழும் இடத்திலிருந்து புகைபோல் வெளுத்து, கடைசியில் பால் கலந்ததுபோல் ஆகிவிடும். சோம்பு மணம் தரும் எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. அதன் விளைவுதான் இது. ஐஸை நீருக்குப் பிறகு போடு. முதலிலேயே போட்டால் அந்த எண்ணெய் உறைந்து மேலே படலமாக மிதக்கும்.

குடிக்காதவர்களுக்குப் பழச்சாறு நீட்டாதே. அதுவும் பசியைக் கெடுக்கும், தவிர அவர்களைக் குழந்தைகள் வரிசையில் உட்காரவைத்ததுபோல் ஆகும். அதே கோப்பை, அதே ஐஸ், டானிக் வாட்டர், ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல். தோலைக் கோப்பைக்கு மேல் மடித்து அழுத்தினால் நுண்துளியாக எண்ணெய் தெறிக்கும். வாசனை முழுவதும் அதில்தான். டானிக்கின் கசப்பும் குவினைன்தான். கார் ஓட்டப்போகிறவர் கையிலும் இதையே கொடு.

கொறிக்க ஆலிவும் உப்பு போட்ட பாதாமும் போதும். அரை மணி நேரம், ஆளுக்கு ஒரு கோப்பை. இரண்டாவது கேட்டால் சாப்பாடு தயார் என்று சொல்லிவிடு, தயாராகாவிட்டாலும்.

ஐஸ் இரண்டு தட்டு போதும் என்று நினைப்பாய். போதாது. வெள்ளிக்கிழமை இரவே ஒரு பை நிறையச் சேர்த்துவை.

அன்புடன்,
அண்ணன்