ஆடிக் கூழுக்கு வந்துவிடுங்கள், அக்கா

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா,
ஜூன் 24, ஆனி 10

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகன் கையில் கொடுத்தனுப்பிய கடிதமும் முறுக்கு டப்பாவும் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தன. முறுக்கு அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது. கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். உங்கள் 'ழ' இன்னும் அப்படியே இருக்கிறது, மாலைப் பள்ளிக் கரும்பலகையில் எழுதுவீர்களே, அந்த வாலோடு.

முட்டிவலி இந்த வருஷம் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து உங்கள் லெனேசியாவில் காலையில் தோட்டக் குழாயில் தண்ணீர் உறைந்துபோகிறது என்றும். அவ்வளவு உயரத்தில் இருக்கிற ஊர், குளிராமல் என்ன செய்யும்? எள்ளெண்ணெயை லேசாகச் சுட வைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி வெந்நீர்ப் பையைக் காலடியில் வைக்காமல் முட்டிக்குக் கீழே வையுங்கள். எனக்கு அது கேட்கிறது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அவருக்கு மட்டும் இருமல் வந்து போகிறது. நம்ம ஊர்ப் பள்ளம் உங்களுக்குத் தெரியாததா? மழைக்காலம் முடிந்து, குளிர்ந்த காற்று மலையிலிருந்து இறங்கி அடியில் தங்கிவிட்டால், மேலே இருக்கிற சூடான காற்று மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். புல் எரிக்கிற புகையும் அடுப்புப் புகையும் நகரத்தின் மேலேயே நிற்கும். அதனால் ஒன்பது மணிக்கு முன்னால் வெளியே போகக் கூடாது என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் கேட்கிறார், ஆச்சரியம்தான்.

வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம்தான் ஒன்று புரிந்தது. முப்பது வருஷம் ஜூன் மாதக் காலையை நான் பார்த்ததே இல்லை அக்கா. இருட்டோடு எழுந்து, இருட்டோடு பஸ் பிடித்து, பள்ளிக்கூடம் முடிந்து, அப்புறம் சபையில் தமிழ் வகுப்பு, வீடு வந்தால் மறுபடியும் இருட்டு. குளிர்காலம் என்றால் ஸ்வெட்டரும் பஸ் ஜன்னல் பனியும்தான். இப்போது சமையலறை ஜன்னலில் காப்பியோடு நிற்கிறேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளிச்சம் வருகிறது. புல்லெல்லாம் வெள்ளையாக, உப்புத் தூவினது மாதிரி இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியின் நுனிக் கொழுந்துகள் இரண்டு ராத்திரி உறைபனியில் கறுத்துப்போயின. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை ராத்திரி அதன் மேல் போர்த்துகிறேன். அடுத்த வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "செடிக்குமா போர்வை?" என்றாள். எனக்கென்ன, கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைக்கிறதா?

சித்திரை ஒன்றாம் தேதி இங்கே இலையுதிர்காலம் என்பதை எத்தனை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்போம்! கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஒப்பிக்கச் சொன்னால், "டீச்சர், இளவேனில்னா எந்த மாசம்?" என்று ஒருத்தன் கேட்பான். "சித்திரை, வைகாசி" என்று சொன்னால் ஜன்னலைப் பார்ப்பான். வெளியே பிளேன் மரம் பழுத்து இலை கொட்டிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு வெயிலில் பொசுங்குவோம், ஆடியில் பல் கிட்டிப்போகும். நம் பாட்டன்மார் 1860-லிருந்து கப்பலேறி வந்தபோது மாதங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். வானம் மட்டும் வேறாகிவிட்டது. அவர்கள் மாதத்தை விடவில்லை. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று நம்ம ஊர் மாரியம்மன் கோயிலில் தீமிதி வைக்கிறதும் அப்படி வந்ததுதானே. கரும்புத் தோட்டத்தில் லீவு கிடைத்தது அந்த நாட்களில்தான், அதனால் அம்மனையும் அந்த லீவுக்கே அழைத்துக்கொண்டோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வருஷமும் போனோம். நெருப்புக்கு இறங்கினவர்களில் பாதிப்பேர் நம்ம பழைய மாணவர்கள் வயசுக்காரர்கள்.

என் நாள் இப்போது நாற்காலி நகர்கிற நாள். காலை பத்து மணிக்கு இரண்டு நாற்காலியும் வடக்கு ஸ்டூப்புக்கு, அதாவது வடக்குத் திண்ணைக்கு, போகும். சூரியன் வடக்குப் பக்கமாகவே தாழ்ந்து போகிறதல்லவா, குளிர்காலத்தில் அந்தப் பக்கம்தான் வெயில். பன்னிரண்டு மணிக்கு அவர் நாற்காலியை இரண்டு அடி கிழக்கே தள்ளுவார், நானும் தள்ளுவேன். மூன்று மணிக்குச் சுவரோரம். நாலரை ஆனால் வெயில் கூரைமேல் ஏறிவிடும், ஐந்தடித்தால் இருட்டு. நாங்கள் உள்ளே வந்துவிடுவோம். இடையில் அவர் பேப்பர் படிப்பார், நான் கீரை ஆய்வேன். மடியில் எப்போதும் நார்ச்சி, அந்தச் சின்னக் கமலா ஆரஞ்சு, இருக்கும். வார சந்தையில் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டால் வாரம் ஓடிவிடும். தோலில் நகம் பட்டதும் அந்த எண்ணெய் வாசனை எழும்புகிறதே, அதுதான் எனக்கு ஜூன் மாதம். பேத்தி போன லீவுக்கு வந்தபோது சொன்னேன்: "இந்தப் பேரு நம்மது. நாரத்தைன்னு நாம சொன்னது டச்சுக்காரங்க வாயில நார்ச்சி ஆயிடுச்சு." அகராதிக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், நமக்குப் பெருமை இல்லையா? அவள் "நா-ரத்-தை" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். றகரம் ரகரம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஒரு நாள் பெர்க் காற்று அடித்தது. காலையிலேயே முப்பது டிகிரி மாதிரி வறண்ட சூடு. அவர் கம்பளியை மடித்து அலமாரியில் வைக்கப் போனார். வேண்டாம் என்றேன். மலையிலிருந்து இறங்குகிற காற்று அது, இறங்க இறங்கச் சூடாகும், பின்னாலேயே குளிர் வந்துகொண்டிருக்கும். மறுநாள் மத்தியானம் பல் தந்தியடித்தது.

பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைக்குப் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்தது இந்த ஊரில், உயிர் பிரிந்து அடங்கினது உங்கள் ஊரில். 1914 பிப்ரவரி 22, பதினாறு வயசு. நாகப்பனைப் பற்றி நாம் வகுப்பில் போதுமான அளவு சொல்லவில்லை என்று நீங்கள் எழுதினது சரிதான். சத்தியாக்கிரகத்துக்காகச் சிறைக்குப் போய், குளிரில் வேலை செய்யவைக்கப்பட்டு, நிமோனியா வந்து, 1909 ஜூலை 6-ஆம் தேதி போய்விட்டான். ஜோஹன்னஸ்பர்க் ஜூலைக் குளிர் என்ன என்று உங்கள் முட்டியே சொல்லும். இந்த மாதம் 7-ஆம் தேதி ஸ்டேஷன் பக்கம் போக வேண்டியிருந்தது. 1893-ல் அதே தேதி ராத்திரி காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டு அந்த ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல்கோட்டு சாமான்களோடு இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கவில்லை. நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அந்தப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன், பரவாயில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 17 ஆடி பிறக்கிறது. வீட்டில் கூழ் வைக்கிறோம். போன வருஷம் நடந்ததைக் கேளுங்கள். வழக்கம் போல முதல் நாள் ராத்திரி மக்காச்சோள மாவைக் கரைத்து மேடைமேல் வைத்துவிட்டேன். காலையில் திறந்தால், கரைத்தது கரைத்தபடி. ஒரு நுரை இல்லை, புளிப்பு வாசனை இல்லை. அழுகையே வந்துவிட்டது. அம்மனுக்குப் புளிக்காத கூழா? அவர்தான் யோசனை சொன்னார். இப்போது முறை இதுதான்: இரண்டு நாள் முன்னாலேயே கரைத்து, ஒரு கரண்டி மாஸ் (இந்த ஊர்ப் புளித்த பால்) விட்டு, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, சூடு போடாத மின்சார ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கிறேன். போன வாரம் இட்லி மாவுக்குச் செய்து பார்த்தேன். மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வந்துவிட்டது. வேப்பிலைதான் பாடு. அம்மா காலத்திலிருந்து நமக்கு சிரிங்கா மரத்து இலைதானே, வேம்பு மாதிரி இருப்பதால், வேப்பிலை. ஆடி வந்தால் அது மொட்டையாக, மஞ்சள் காய் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் என் தங்கை வீட்டில் அசல் வேம்பு இருக்கிறது, இவர் போய் ஒடித்து வருவார். பூசணிக்காயும் காய்ந்த மீனும் கீரையும் உங்களுக்குப் பிடித்த மாதிரியே.

வாருங்கள் அக்கா. உண்மையைச் சொல்கிறேன், இந்த ஸ்டூப்பில் வெயில் இருக்கிறது, நார்ச்சி இருக்கிறது, இவர் இருக்கிறார், ஆனால் தமிழில் முழுசாக ஒரு மணி நேரம் பேச எனக்கு ஆள் இல்லை. இவருக்குத் தமிழ் அடுக்களையோடு சரி. பிள்ளைகள் ஆங்கிலம். நாட்டின் அரசியல் சட்டத்தில், 1996-லேயே, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழ் என்று எழுதிவைத்தார்கள். அந்த வரியை நாம் வகுப்புச் சுவரில் ஒட்டினோமே, நினைவிருக்கிறதா? சட்டத்தில் இருக்கிறது, என் வீட்டில் கேட்க மாட்டேன் என்கிறது. உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்ததும் அதனால்தான், அதில் இரண்டு தடவை வாய்விட்டு.

காரில் ஐந்து மணி நேரம்தான். மருமகன் அழைத்து வந்தால் நல்லது, வான் ரீனென் கணவாயில் பனி விழுந்தால் மட்டும் ஒரு நாள் பார்த்துக் கிளம்புங்கள். வடக்கு அறையை உங்களுக்கு ஒழித்து வைத்திருக்கிறேன். கட்டிலை ஜன்னலோரம் தள்ளியாயிற்று, காலை ஒன்பதரைக்கு வெயில் நேராக முட்டிமேல் விழும். மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, இவர் சனிக்கிழமை சரி செய்கிறார். வரும்போது முறுக்கு அச்சை மறக்காதீர்கள், என்னுடையது உடைந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் பழைய 'இரண்டாம் வகுப்பு டீச்சர்'